விரலில் ஒக்சிமீட்டர், விடிய விடியக் குறட்டை: கேள்வி பதில்

குறட்டையையும் நித்திரையில் மூச்சு நின்று போவதையும் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். "கொரோனா நேரம் வாங்கின ஒக்சிமீட்டர் அலுமாரியில் சும்மாதானே கிடக்கிறது, அதை ராத்திரியில் போட்டுப் பார்த்தால் என்ன?" என்ற கேள்வியை அதற்குப் பிறகு பலர் பல விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒக்சிமீட்டர் என்பது இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று விரலைக் கவ்விக் காட்டுகிற சின்னக் கருவி. சரி, ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. சுவாச நோயாளிகளோடு நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தன். ஒன்பது வருடமாக சீபாப் மெசின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி விட்டுத் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிற கருவி) போட்டு நித்திரை கொள்கிற நோயாளியும்கூட.

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: இவர் குறட்டை விட்டுக்கொண்டே இருந்து திடீரென்று சத்தமில்லாமல் போய்விடுவார். நான் பயந்து எழும்பி ஒக்சிமீட்டரைக் கொளுவினால் 97 காட்டுகிறது. அப்ப ஒன்றுமில்லையா அண்ணா?

நீங்கள் லைட்டைப் போட்டு, மெசினைத் தேடி எடுத்து, அவருடைய விரலைப் பிடிப்பதற்குள் அவர் திரும்ப மூச்சு எடுத்திருப்பார் தங்கச்சி. 97 காட்டாமல் வேறென்ன காட்டும்?

நடப்பது இதுதான். நித்திரையில் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. நெஞ்சு மூச்சை இழுக்கப் பார்க்கும், காற்று உள்ளே போகாது. இது 10 விநாடியாவது நீடித்தால்தான் அதை ஒரு தடை என்று கணக்கெடுப்பார்கள். அப்புறம் மூளை ஆளைக் கொஞ்சமாக உசுப்பிவிடும், ஒரு பெரிய மூச்சு வரும், திரும்பக் குறட்டை தொடங்கும். ஒட்சிசன் இறங்கியது விரல் நுனியில் தெரிய இன்னும் இருபது முப்பது விநாடி பிந்தும். ஆகவே எழும்பி எழும்பி அளப்பதில் பிரயோசனமில்லை. உங்கள் நித்திரையும் கெடும்.

அதைவிட போனில் வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடம் போதும், நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், சத்தமும் பதிய வேண்டும். என் மனுசி எடுத்த வீடியோவை நான் முதலில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. அதில் ஃபேன் சத்தம் கேட்கிறது. பெனியனுக்குள் என் வயிறு மேலும் கீழுமாக இழுபடுகிறது, ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை. அவள் மெல்லிய குரலில் எண்ணுகிறாள். இருபத்து மூன்று வரை எண்ணிய பிறகுதான் நான் பன்றி உறுமியது போல ஒரு மூச்சு விட்டேன். இரண்டாம் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமையே கிளினிக்குக்குப் போனேன்.

அக்கரைப்பற்று: பார்மசியில் வாங்கியது தானாக நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்கப் பார்க்க எது வாங்க வேண்டும்?

பார்மசியில் விற்கும் சின்னக் கவ்விகளில் பெரும்பாலானவை அந்த நிமிடத்து எண்ணைக் காட்டுவதற்கு மட்டும்தான். அவை எதையும் சேமித்து வைக்காது. உங்களுக்குத் தேவை பதிவு செய்கிற வகை. மணிக்கூடு மாதிரி மணிக்கட்டில் கட்டி, வயரோடு விரலில் மாட்டுவது ஒன்று. மோதிரம் மாதிரி வருவது இன்னொன்று. வாங்கும்போது மூன்றை விசாரியுங்கள்: எத்தனை மணித்தியாலம் பதியும், எத்தனை விநாடிக்கு ஒரு தடவை பதியும், எண்களை எவ்வளவு நேரத்துக்குச் சராசரி பார்க்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. சராசரி எடுப்பது மூன்று விநாடிக்குள் இருப்பது நல்லது. நீண்ட நேரச் சராசரி எடுக்கிற மெசினில் சின்னச் சின்ன இறக்கங்கள் எல்லாம் மழுங்கிப் போய் கோடு ஒரே மட்டமாக வரும். பார்க்க அழகாக இருக்கும், பிரயோசனம் இருக்காது.

வலக்கைக்காரர் இடது கையில் போடுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். வயரை மணிக்கட்டில் பிளாஸ்ரரால் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சாமத்தில் புரளும்போது கழன்றுவிடும். ஏசி அறையில் கை குளிர்ந்தாலும் அளவு பிழைக்கும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது பாத்ரூம் போனீர்கள், எப்போது எழும்பினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். ஒரு இரவு போதாது, மூன்று இரவாவது வேண்டும். முதல் இரவு விரலில் ஏதோ கடிக்கிற மாதிரி இருப்பதால் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை.

ஏறாவூர்: வாப்பாவுக்கு 61 வயது, பிரஷர் இருக்கிறது. பதிவு செய்து பார்த்ததில் சராசரி 94, ஆகக் குறைந்தது 71, ஓடிஐ 28 என்று வந்திருக்கிறது. 71 என்றதும் உம்மா அழத் தொடங்கிவிட்டா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா?

உம்மாவை முதலில் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. எல்லோரும் முதலில் பார்ப்பது ஆகக் குறைந்த எண்ணைத்தான். அந்த அறிக்கையில் நம்பிக்கை குறைந்த எண்ணும் அதுதான். கையை உடம்புக்குக் கீழே வைத்துப் படுத்தாலும், சென்சர் அரைவாசி கழன்றாலும் 71 வரும். அந்த இடத்தில் நாடித் துடிப்பின் கோடும் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அந்த எண்ணை விட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியது கோட்டின் வடிவம். கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஒரே ஒரு பள்ளம் என்றால் அது வேறு. அரத்தின் பல் மாதிரி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, மணிக்கணக்காக ஓடுகிறது என்றால் அது மூச்சுத்தடையின் கையெழுத்து. விடியப்புறம் கனவு நித்திரையில் பல் இன்னும் ஆழமாகும். மல்லாந்து படுக்கும்போதும் அப்படித்தான்.

ஓடிஐ என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒட்சிசன் எத்தனை தடவை விழுந்தது என்ற கணக்கு. சில மெசின் 3 சதவீத இறக்கத்தை எண்ணும், சில 4 சதவீதத்தை எண்ணும். உங்களுடையது எது என்று செட்டிங்கில் பாருங்கள், டொக்டர் கேட்பார். முழுமையான நித்திரைப் பரிசோதனையில் மூச்சு நின்றதையும் குறைந்ததையும் நேரடியாக எண்ணுவார்கள். அதில் மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இரண்டும் ஒரே கணக்கல்ல, ஆனாலும் 28 என்பது சும்மா விடுகிற எண்ணல்ல. 90க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டு இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள். மருந்து போட்டும் பிரஷர் அடங்காமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அவசரம் என்பது வேறு. விழித்து உட்கார்ந்திருக்கும்போதே 92க்குக் கீழே நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, நெஞ்சு நோகிறது என்றால் அறிக்கை கிறிக்கை பார்த்துக்கொண்டிருக்காமல் அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கள்.

களுவாஞ்சிகுடி: எனக்கு வயது 34, மெலிந்த உடம்பு. ஓடிஐ 2 தான் வந்தது. ஆனால் காலையில் தலையிடி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும்போதே கண் சொருகுகிறது.

ரீச்சர், இந்த மெசின் சந்தேகத்தைக் கூட்டும், ஆனால் ஒருபோதும் விடுதலைப் பத்திரம் தராது. ஒட்சிசன் இறங்க முன்னரே மூளை விழித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மெலிந்தவர்கள், வயது குறைந்தவர்களில் இது அதிகம். ராத்திரி நூறு தடவை நித்திரை கலைந்திருக்கும், ஒக்சிமீட்டரில் கோடு நேராக இருக்கும். அதைப் பிடிக்க மூளை அலை, மூக்குக் காற்று, நெஞ்சு அசைவு எல்லாம் அளக்கிற பரிசோதனை வேண்டும்.

இரத்தத்தையும் ஒருக்கால் சோதியுங்கள். இரத்தசோகை, தைரொயிட் இரண்டுமே ஆளை இப்படித்தான் சாய்க்கும். இரத்தசோகை உள்ளவருக்கும் ஒக்சிமீட்டர் 98 காட்டும். ஓடுகிற பஸ்ஸில் எத்தனை சீட் நிறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும், றோட்டில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று தெரியாது.

காத்தான்குடி: ராத்தாவுக்குக் கல்யாண மருதோன்றி இன்னும் நகத்தில் இருக்கிறது. அளவு பிழைக்குமா?

சிவப்பு நிறமென்றால் பெரிதாக மாறாது. கறுப்பாகத் தீட்டியிருந்தால் மாறலாம். மருதோன்றி இல்லாத கால் விரலில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள்ளால் விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தோல் கறுப்பாக இருந்தால் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020 இறுதியில் வந்த ஆய்வு இதைப் பெரிதாக வெளிக்கொண்டு வந்தது, அடுத்த வருடமே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையும் விட்டது. நம்மில் முக்கால்வாசிப் பேர் வெயிலில் கறுத்தவர்கள். ஆகவே 91, 92 என்று ஓரத்தில் நிற்கிற எண்ணை "பரவாயில்லை" என்று தள்ளாதீர்கள்.

நாவிதன்வெளி: யானைக் காவலுக்கு ராத்திரி வயலில் நிற்பேன். பகலில்தான் நித்திரை. எப்போது அளப்பது?

பகலில்தான். நீங்கள் நீளமாக நித்திரை கொள்கிற நேரம் எதுவோ அதுதான் உங்கள் இரவு. காவல் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கண் சொருகியிருக்கிறதா? அதை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

கல்முனை: கொரோனா நேரம் வாங்கின ஒட்சிசன் கொன்சென்ரேட்டர் (காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தருகிற மெசின்) எங்கள் சங்கத்தில் சும்மா நிற்கிறது. மாமாவுக்கு ராத்திரியில் அதைப் போட்டால் எண் இறங்காதுதானே?

எண் இறங்காது, உண்மை. மாமாவின் தொண்டை திறக்காது, அதுவும் உண்மை. அடைப்பு அப்படியே இருக்க எண்ணை மட்டும் அழகாக்கி வைப்பீர்கள். சிலருக்கு ஒட்சிசன் கொடுத்தால் மூச்சு நிற்கிற நேரம் இன்னும் நீளும். நல்ல பருத்த உடம்புக்காரர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் வருத்தக்காரர்களுக்கும் காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கி, ஆள் காலையில் மயக்கமாக எழும்பக்கூடும். டொக்டர் எழுதித் தராமல் தொடாதீர்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன்.

சாய்ந்தமருது: கனடாவில் இருக்கிற காக்கா தான் பாவித்த சீபாப்பை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கட்டுமா?

மெசினை வாங்குங்கள், ஆனால் அப்படியே முகத்தில் மாட்டாதீர்கள். அதில் இருப்பது காக்காவின் தொண்டைக்குரிய அழுத்தம், உங்களுக்கு எவ்வளவு என்று பரிசோதித்துத்தான் வைக்க வேண்டும். மாஸ்க்கும் குழாயும் புதிது வேண்டும். அடப்டரில் 100 முதல் 240 வோல்ற் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிலிப்ஸ் மெசினாக இருந்தால் இலக்கத்தை வாங்கிச் சரிபாருங்கள். உள்ளே சத்தம் குறைக்கிற நுரை சிதைகிறது என்று 2021 ஜூனில் அந்தக் கொம்பனி ஏராளமான பழைய மொடல்களைத் திரும்ப அழைத்தது. ஈரப்பதத் தொட்டிக்கு நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் விடவே வேண்டாம், இரண்டு கிழமையில் உப்புப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் நல்லது.

1981இல் சிட்னியில் கொலின் சலிவன் இந்த முறையை முதலில் உலகத்துக்குச் சொன்னபோது மாஸ்க்கை நோயாளியின் மூக்கில் பசை போட்டு ஒட்டினார்கள். "மாஸ்க் இறுக்குது" என்று முறைப்பாடு சொல்கிற என் மாதிரி ஆட்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

வாழைச்சேனை: மகனுக்கு ஆறு வயது, வாயைத் திறந்துகொண்டு குறட்டை.

பிள்ளைகளுக்கு மேலே சொன்ன எண்கள் ஒன்றும் பொருந்தாது. பெரும்பாலும் டொன்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும்தான் காரணம். வீட்டில் அளந்துகொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டுங்கள்.

திருக்கோவில்: ஸ்மார்ட் மணிக்கூடு போதாதா?

வெறும் ஒட்சிசன் எண்ணுக்கு அதை நம்ப வேண்டாம். ஆப்பிள், சாம்சங் இரண்டின் சில மொடல்களுக்கு மூச்சுத்தடை அறிவிப்பு வசதி இருக்கிறது. ஆப்பிளுடையது ஒட்சிசனைப் பார்ப்பதே இல்லை, மணிக்கட்டின் நுண்ணிய அசைவை 30 நாள் பார்த்துத்தான் சொல்லும். எச்சரித்தால் டொக்டரிடம் போங்கள். எச்சரிக்கவில்லை என்றால் ரீச்சருக்குச் சொன்ன பதில்தான்.

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்றவர்: சனிக்கிழமை இரண்டு பெக் போட்டால் மட்டும்தான் குறட்டை என்று மனுசி சொல்கிறா.

சனிக்கிழமை ஒரு பதிவு, செவ்வாய்க்கிழமை ஒரு பதிவு எடுத்து இரண்டையும் மனுசிக்குக் காட்டுங்கள். சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழிப்பதையும் பிந்த வைக்கும். நித்திரைக் குளிசையும் அப்படிச் செய்யலாம். மல்லாந்து படுத்தால்தான் கூடுகிறது என்றால் பழைய பெனியனின் முதுகுப் பக்கம் ஒரு பொக்கெட் தைத்து, பொடியன்கள் விளையாடுகிற டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டு படுங்கள். மல்லாக்கப் புரளும்போது குத்தும். மூன்று இரவு கோபம் வரும், பிறகு பழகிவிடும்.

ஆரையம்பதி: எங்கே போவது, என்ன கொண்டு போவது?

உங்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைதான் கிட்ட. அங்காலே இருப்பவர்களுக்குக் கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகள். ஓபிடியில் காட்டி சுவாச நோய் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பார்த்த ஆள் உண்டா, பிரஷர், உடற்பருமன், 50க்கு மேற்பட்ட வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்து, ஆணா பெண்ணா என்று எட்டுக் கேள்வி கேட்பார்கள். மூன்றுக்கு ஆம் என்றாலே சந்தேகம், ஐந்து என்றால் கூடிய ஆபத்து. தையல் நாடாவால் கழுத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மூன்று இரவின் படத்தையும் பிரிண்ட் எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வீடியோ எடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை விடுகிறவர் எப்படியும் "நான் நல்லாத்தான் நித்திரை கொள்கிறேன் டொக்டர்" என்றுதான் சொல்வார்.