எம்மி விருது: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காப்பியோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவது என் பல்லாண்டுப் பழக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது முந்தைய நாள் மாலை ஐந்து மணி. அமெரிக்கப் பிரைம் டைம் (மாலை, இரவு நேர) தொலைக்காட்சிக்கான எம்மி விருது விழா தொடங்கும் நேரம். இந்தப் பைத்தியம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் கேள்விகளும் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு என் பதில்கள்.

எம்மி என்பது யாருடைய பெயர்? ஏதாவது நடிகையா?

ஆள் இல்லை, ஒரு கேமராக் குழாய்! அந்தக் காலத் தொலைக்காட்சிக் கேமராக்களில் 'இமேஜ் ஆர்த்திகான்' என்றொரு குழாய் இருந்தது. தொழில்நுட்பக்காரர்கள் அதைச் செல்லமாக 'இம்மி' என்றார்கள். ஹாரி லூப்கே என்ற பொறியாளர் அதையே விருதுக்குப் பெயராகச் சொன்னார். சிலை ஒரு பெண்ணின் உருவமாக அமைந்துவிட்டதால் இம்மி எம்மியானாள். முதலில் பேச்சில் இருந்த பெயர் 'ஐக்'. அதுவும் ஐகனோஸ்கோப் என்ற குழாயின் சுருக்கம்தான். ஆனால் ஐக் என்றால் அந்தச் செல்லப்பெயர் கொண்ட தளபதி ஐசன்ஹோவர் என்று நாடே நினைத்துக்கொள்ளும் என்பதால் கைவிட்டார்கள்.

சிறகு விரித்த பெண் ஒருத்தி அணு ஒன்றைத் தூக்கிப் பிடித்திருப்பாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. வடிவமைத்த லூயிஸ் மெக்மேனஸ் தம் மனைவியையே மாதிரியாக வைத்து வரைந்தார்.

முதல் விழா 1949 ஜனவரி 25 அன்று ஹாலிவுட் அத்லெட்டிக் கிளப்பில் நடந்தது. டிக்கெட் 5 டாலர். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அன்று விருது. சிறந்த தொலைக்காட்சிப் பிரமுகர் என்ற விருதைப் பெற்றவர் ஓர் இளம்பெண், ஷெர்லி டின்ஸ்டேல். உதடு அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர். பாதி விருது அந்தப் பொம்மைக்குத்தான் சேர வேண்டும் என்பது என் கட்சி.

'எம்மி வென்றவர்' என்று பலரைச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே விருதா, ஐயா?

இல்லை. எம்மி ஒரு கூட்டுக் குடும்பம். அடுப்புகள் வேறு வேறு. நாம் பேசிக்கொண்டிருக்கும் பிரைம் டைம் எம்மியை வழங்குவது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள டெலிவிஷன் அகாடமி. பகல் நேரத் தொடர்கள், செய்தி, விளையாட்டு ஆகியவற்றுக்கான எம்மிகள் நியூயார்க்கில் உள்ள மற்றோர் அமைப்பின் பொறுப்பு. அமெரிக்காவுக்கு வெளியே தயாரானவற்றுக்கு இன்டர்நேஷனல் எம்மி இருக்கிறது. 2020இல் 'டெல்லி க்ரைம்' பெற்றதும் 2023இல் வீர் தாஸ் பெற்றதும் இதைத்தான். பெருமைதான், ஆனால் அந்த விழா வேறு. நம் ஊர்த் தலைப்புச் செய்திகள் இரண்டையும் போட்டுக் குழப்பும்போது எனக்கு எரிச்சல் வரும்.

பகல் எம்மியின் புகழ்பெற்ற கதை சூசன் லூச்சியுடையது. 18 முறை பரிந்துரைக்கப்பட்டு 18 முறையும் தோற்று, 1999இல் 19ஆம் முறை வென்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லை.

வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது நடுவர் குழுவா? மக்கள் வாக்கா?

இரண்டும் இல்லை. அகாடமியின் உறுப்பினர்கள், அதாவது அந்தத் தொழிலில் இருப்பவர்கள். 20,000 பேருக்கு மேல். நடிகர்களுக்கு நடிகர்கள், எழுத்தாளர்களுக்கு எழுத்தாளர்கள் என்று அவரவர் பிரிவில் வாக்களிப்பார்கள். சிறந்த தொடர் போன்ற பெரிய பிரிவுகளில் எல்லோருக்கும் வாக்கு உண்டு. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒளிபரப்பானவைதான் போட்டிக்கு வரும். ஜூலையில் பரிந்துரைப் பட்டியல், செப்டம்பரில் விழா.

அத்தனையையும் அவர்கள் பார்க்கிறார்களா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 2006இல் நடந்ததைச் சொல்கிறேன். 'மிஸஸ் ஹாரிஸ்' என்ற தொலைக்காட்சிப் படத்துக்காக எலன் பர்ஸ்டினுக்குத் துணை நடிகை பரிந்துரை கிடைத்தது. படத்தில் அவர் வரும் நேரம் 14 விநாடி. பேசுவது 38 சொற்கள். கொட்டாவி விட்டால் காட்சி போய்விடும். ஆஸ்கர் வென்ற பெரிய நடிகையின் பெயரைப் பட்டியலில் கண்டதும் கை தானாக அங்கே போயிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அவர் வெல்லவில்லை. பிற்பாடு, குறைந்தபட்சத் திரை நேரம் வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள்.

அண்ணா, 'தி பேர்' பார்த்தேன். சமையலறையில் ஒரே கூச்சல், அழுகை, மனவலி. அதற்குப் போய் நகைச்சுவை விருதா?

இந்த ஒரு கேள்விதான் மாறாமல் ஆண்டுதோறும் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எம்மியின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும். எந்தப் பிரிவில் நிற்பது என்பதைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே சொல்லி விண்ணப்பிக்கிறார்கள். தொகுதி பார்த்து வேட்பாளர் நிற்பதைப் போலத்தான். அரை மணி நேரத் தொடர் என்றால் நகைச்சுவை, ஒரு மணி நேரம் என்றால் டிராமா என்பது நெடுநாள் வழக்கம். 2015இல் அதை விதியாகவே எழுதினார்கள். 2021இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அரை மணி நேரத் தொடர் நகைச்சுவைப் பக்கம் போய் நிற்கும் வழக்கம் போகவில்லை. 'தி பேர்' அப்படிப் போய் நின்றது. 2024 செப்டம்பரில் 11 விருதுகளை அள்ளியது, நகைச்சுவைத் தொடர்களில் அன்றைக்கு அது சாதனை. ஆனால் அதே இரவில் சிறந்த நகைச்சுவைத் தொடர் என்ற தலையாய விருது 'ஹேக்ஸ்' தொடருக்குப் போனது. சிரிக்கவே இல்லையே என்ற உங்கள் குறை வாக்காளர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டே 'தி ஸ்டூடியோ' 13 வாங்கி அந்தச் சாதனையையும் முறித்துவிட்டது.

இதைவிட வேடிக்கை 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்'. பெண்கள் சிறையைப் பற்றிய ஒரு மணி நேரத் தொடர். 2014இல் நகைச்சுவையாக நின்றது. அதில் நடித்த உசோ அடூபாவுக்கு நகைச்சுவைப் பிரிவில் சிறப்புத் தோற்ற நடிகை விருது. அடுத்த ஆண்டு நேர விதி வந்ததால் தொடர் டிராமாவுக்கு மாறியது. அதே அடூபா, அதே பாத்திரம், இப்போது டிராமாவில் துணை நடிகை விருது! மனிதர் மாறவில்லை, அறைதான் மாறியது.

இன்னொன்றும் பாருங்கள். 'ஷோகன்' முதலில் ஒரே சீசனோடு முடியும் குறுந்தொடராகத்தான் பேசப்பட்டது. மேலும் சீசன்கள் வரலாம் என்று 2024 மே மாதம் செய்தி வந்ததும் டிராமாவாகிவிட்டது. அங்கே 18 விருதுகள். ஒரே ஆண்டில் ஒரு தொடர் அத்தனை வாங்கியது அதுவே முதல் முறை. பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் பேசும் தொடர் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லோரும் கொண்டாடிய 'பெட்டர் கால் சால்' ஒன்றுகூட வாங்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 53 பரிந்துரைகள், வெற்றி பூஜ்ஜியம். வயிறு எரிவதற்கு இன்னொன்றும் உண்டு. இத்தொடரின் கிளையாக, தொடரில் வரும் கோழி வறுவல் உணவகத்தின் ஊழியர்களுக்கான பயிற்சிப் படங்களைப் போலவே நையாண்டியாக எடுத்த குட்டிக் காணொளிகள் 2017இல் குறுவடிவப் பிரிவில் எம்மி வாங்கின. தாய்க்கு இல்லை, குட்டிக்கு உண்டு.

'த வயர்' ஐந்து சீசன் ஓடி, எழுத்துக்காக இரண்டே பரிந்துரை பெற்றது, வெற்றி இல்லை. ஏஞ்சலா லான்ஸ்பரி 18 முறை பரிந்துரைக்கப்பட்டும் வெறுங்கைதான். எம்மி வாங்கியதா என்று பார்த்துவிட்டுத் தொடரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

2024இல் இரண்டு விழாக்கள் நடந்தனவே, ஏன்?

2023இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதுபவரும் இல்லை, மேடையேறுபவரும் இல்லை என்றால் விழா ஏது? 75ஆவது விழா 2024 ஜனவரி 15க்குத் தள்ளிப்போனது. 76ஆவது வழக்கம்போல அதே ஆண்டு செப்டம்பரில் வந்துவிட்டது.

1980இல் நடிகர் வேலைநிறுத்தத்தின்போது தள்ளிவைக்காமல் நடத்தினார்கள். பரிந்துரை பெற்ற நடிகர்களில் 51 பேர் வரவில்லை. வந்தவர் ஒரே ஒருவர், பவர்ஸ் பூத். விருதும் அவருக்கே கிடைத்தது! தொழில் வாழ்வில் தாம் செய்த மிகத் துணிச்சலான காரியமாகவோ மிக முட்டாள்தனமான காரியமாகவோ இது இருக்கும் என்று மேடையிலேயே சொன்னார். 2001இல் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இரண்டு முறை தள்ளிப்போட்டு நவம்பர் 4இல்தான் நடத்த முடிந்தது.

நெட்ஃபிளிக்ஸ், எச்பிஓதான் எல்லாவற்றையும் வாங்குகின்றன. பிறகு ஏன் விழாவை என்பிசி, சிபிஎஸ் ஒளிபரப்புகின்றன?

கல்யாண மண்டபம் அவர்களுடையது, மாப்பிள்ளை வேறு வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இலவச ஒளிபரப்புச் சேனல்களான ஏபிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி நான்கும் முறைவைத்து விழாவை ஒளிபரப்பி வந்திருக்கின்றன. (என்பிசி முறை வந்தால் பெரும்பாலும் திங்கட்கிழமை விழா. ஞாயிறு இரவு அங்கே அமெரிக்கக் கால்பந்து, அதன்மேல் யாரும் கை வைக்க முடியாது.) ஆனால் இந்த நால்வரில் ஒருவர் சிறந்த டிராமா விருதைக் கடைசியாக வாங்கியது 2006இல், '24' தொடருக்காக. சிறந்த நகைச்சுவை விருது 2014இல், 'மாடர்ன் ஃபேமிலி'. 2025 விழா வரை அதற்குமேல் கிடைக்கவில்லை.

கேபிள் சேனல்களை 1988இல்தான் உள்ளே விட்டார்கள். அதன்பின் சிறந்த டிராமா விருது ஒரு கேபிள் தொடருக்கு வர 2004 ஆனது: 'த சொப்ரானோஸ்'. இணையத் தளங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 2013இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' இயக்கத்துக்காக டேவிட் ஃபின்ச்சர் வென்றார். 2017இல் 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' சிறந்த டிராமாவாகிவிட்டது.

நம்மவர் யாராவது வாங்கியிருக்கிறார்களா?

அஸீஸ் அன்சாரி. தமிழ்நாட்டிலிருந்து போய் தென் கரோலினாவில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடருக்காக 2016இல் ஆலன் யாங்குடன் சேர்ந்து நகைச்சுவை எழுத்துக்கான எம்மி பெற்றார். விருது கிடைத்த அத்தியாயத்தின் பெயர் 'பேரன்ட்ஸ்'. ஐபேட் ஓடவில்லை, சரிசெய்து தா என்று அப்பா கேட்பார். படத்துக்கு நேரமாயிற்று என்று மகன் நழுவுவான். அப்பாவாகவும் அம்மாவாகவும் நடித்தவர்கள் அன்சாரியின் சொந்தப் பெற்றோர். நடிப்பு தெரியாதவர்கள், ஆனால் நம் வீட்டு அப்பா எப்படிச் சலித்துக்கொள்வாரோ அப்படியே சலித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டும், 2017இல், லீனா வெய்த்துடன் சேர்ந்து அதே விருது.

ஏ. ஆர். ரஹ்மான் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் ஆஸ்கர் இரண்டு, கிராமி இரண்டு. எம்மியும் நாடகத்துக்கான டோனியும் இல்லை. நான்கும் சேர்ந்தால், ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, 'ஈகாட்' என்பார்கள். 1980களில் அந்தச் சொல்லைக் கழுத்துப் பதக்கத்தில் பொறித்து மாட்டிக்கொண்டு திரிந்த நடிகர் ஃபிலிப் மைக்கேல் தாமஸ், நான்கில் ஒன்றுகூட வாங்கவில்லை.

நன்றியுரைக்கு நேர வரம்பு உண்டா?

45 விநாடி. யாரும் மதிப்பதில்லை. 2025இல் தொகுப்பாளர் நேட் பார்கட்சி ஒரு தந்திரம் செய்தார். சிறுவர் மன்றம் ஒன்றுக்கு 1,00,000 டாலர் நன்கொடை என்று அறிவித்தார். 45 விநாடிக்கு மேல் பேசினால் விநாடிக்கு 1,000 டாலர் குறையும், முன்னதாக முடித்தால் கூடும். நட்சத்திரங்கள் பேசிப் பேசிக் கணக்கைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே தள்ளிவிட்டார்கள். குழந்தைகளின் காசு கரைவது திரையில் தெரியத் தெரியப் பேசினார்கள்! கடைசியில் பார்கட்சியும் சிபிஎஸ்ஸும் சேர்ந்து 3,50,000 டாலர் கொடுத்துக் கதையைச் சரிக்கட்டினார்கள்.

எனக்குப் பிடித்த உரை 2013இல் மெரிட் வீவர் ஆற்றியது. மிக்க நன்றி, நான் போக வேண்டும், வருகிறேன். அவ்வளவுதான், இறங்கிவிட்டார்.

கொரோனா ஆண்டில் சிலையை எப்படிக் கொடுத்தார்கள்?

2020இல் ஜிம்மி கிம்மல் காலி அரங்கில் நின்று தொகுத்தார். பரிந்துரை பெற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே கேமரா முன் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு சூட்டு போலத் தைத்த பாதுகாப்பு உடையோடு ஓர் ஆள் சிலையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். பெயர் அறிவிக்கப்பட்டால் கதவைத் தட்டுவார். இல்லையென்றால் சிலையோடு திரும்பிவிட வேண்டியதுதான். நகைச்சுவை நடிகர் ரமி யூசுஃப் அன்று தோற்றார். தன் வீட்டுக் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த காட்சியைக் கைப்பேசியில் எடுத்து உலகுக்குக் காட்டினார்: முழு உடல் மறைத்த அந்த ஆள், ஒரு கையில் எம்மி, இன்னொரு கையால் டாட்டா காட்டிவிட்டு இருட்டில் நடந்து போகிறார்.