சிரட்டையில் ஊறிய அரிசி

அன்புள்ள அம்மா,

நான் தென்காசிக்காரன். பன்னிரண்டு வருடமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே ஒரு தேவாலயத்தில் சனிக்கிழமைதோறும் இல்லாதவர்களுக்கு உணவுப் பொருட்கள் கொடுக்கிறார்கள். அரிசி, காய்ந்த பீன்ஸ், தகர டப்பாவில் சூப், ரொட்டி. பை கட்டிக் கொடுக்க நானும் போகிறேன். போன வாரம், பாலத்தடியில் கூடாரம் போட்டிருக்கும் ஒருவர் அரிசியையும் பீன்ஸையும் என்னிடமே திருப்பித் தந்துவிட்டு ரொட்டி மட்டும் போதும் என்றார். பசி என்று வரிசையில் நின்றவர், கொடுத்ததை வேண்டாம் என்கிறார். இவர்களுக்கு உண்மையில் பசி இல்லை, உழைக்க மனமில்லை என்று நண்பன் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இவ்வளவு பணக்கார நாட்டிலேயே இப்படி என்றால் உலகத்தில் பசி எப்படித் தீரும்? மக்கள்தொகைதான் காரணமோ? நம் பக்கம் பரவாயில்லை, இப்போது யாரும் பட்டினி கிடப்பதில்லை.

என் கேள்வி இதுதான். அடுத்த மாதம் அப்பாவின் தலைத்திவசம். அவர் நினைவாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன். தென்காசியில் அன்னதானம் செய்யவா, பசி ஒழிப்புக்காக வேலை செய்யும் உலக அமைப்பு எதற்காவது அனுப்பவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்வியைவிட அந்த அரிசிப் பைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பத்து நாளாக என் மனதிலும் ஓர் அரிசிப் பைதான் கிடக்கிறது.

செங்கோட்டை ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். காலமெல்லாம் ஓட்டல்களில் மாவாட்டியவர். இரண்டு வருடம் முன்பு மழையில் அவருடைய மண்சுவர் வீடு விழுந்தது. அதிலிருந்து ராத்திரி ஸ்டேஷன் பக்கம், பகலில் எங்கேயாவது. ரேஷன் கார்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் விழுந்த வீட்டின் கதவு எண் இருக்கிறது. மாதாமாதம் அரிசி வாங்குவார், வாங்கிய கையோடு ஒருவரிடம் சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிடுவார். அது மூட்டையாகிப் புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். “சும்மா குடுக்குத அரிசிய வித்துத் திங்கியே, வெக்கமா இல்லையாவே?” பெரியவர் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்து காசை எடுத்து இரண்டு பன்னும் ஒரு டீயும் வாங்கினார்.

நானும் அங்கேதான் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்களிடம் சொல்கிறேன், கொஞ்சம் கோபமாகவே.

உங்கள் நண்பரை விடுங்கள். நீங்கள் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறவர், நல்ல மனசு உள்ளவர். அந்த மனிதர் அரிசியைத் திருப்பித் தந்தபோது ‘ஏன்?’ என்று ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே. அவரிடம் அடுப்பு உண்டா? பாத்திரம் உண்டா? தண்ணீர் பிடிக்கக் குழாய் எங்கே இருக்கிறது? பாலத்தடியில் தீ மூட்டினால் போலீஸ் சும்மா விடுமா? காய்ந்த பீன்ஸை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் ஒரு மணி நேரமாவது வேகவைக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். கூடாரத்தில் அதை எதில் வைத்து வேகவைப்பது? சமைத்தால்தான் சோறாகும் ஒன்றைத்தான் அவர் வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் வீசவில்லை. அடுப்பு இருக்கிற இன்னொருத்தருக்குப் போகட்டும் என்று உங்கள் கையிலேயே தந்திருக்கிறார். நியாயமாக நீங்கள் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டு வயதில் ஆரியங்காவு ஸ்டேஷனில் பார்த்தேன்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எல்லை போட்ட பிறகும் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் புனலூரில். மலைக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும். திருவிதாங்கூர் ரொம்பக் காலம் பர்மா அரிசியை நம்பி இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அது நின்றுபோய், கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்ட கதையைப் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அறுபதுகளின் நடுவில் கேரளத்தில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. மலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டால் நல்ல விலை. அதனால் எங்கள் தெருப் பெண்கள் அரிசி கடத்தினார்கள். என் அம்மாவும் கடத்தினாள்.

பழைய வேட்டியைக் கிழித்துக் குழாய் மாதிரி நீளமாக ஒரு பை தைப்பாள். அரிசியை நிரப்பி, ஒரே பக்கமாகச் சரிந்துவிடாமல் நடுநடுவே நூல் போட்டுக் கட்டுவாள். இடுப்பில் சுற்றி மேலே சேலையைக் கட்டினால் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கும். கூடவே சின்னப்பிள்ளை இருந்தால் சந்தேகம் வராது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கொல்லம் போகிற மீட்டர்கேஜ் வண்டி. பகவதிபுரம் தாண்டியதும் குகை. பெட்டி இருட்டானவுடன் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று இடுப்பை இறுக்குவார்கள். அந்தச் சேலைச் சரசரப்பும் கரிப்புகை வாசமும் எனக்கு இன்னும் போகவில்லை. குகை முடிந்தால் ஆரியங்காவு. அங்கேதான் சோதனை.

ஒரு நாள் சோதனைக்காரர் அம்மாவின் வயிற்றில் கம்பால் ஒரு குத்துக் குத்தினார். பை கிழிந்து பிளாட்பாரம் முழுக்க அரிசி. அம்மா உட்கார்ந்து அள்ளினாள். அள்ளினதை எல்லாம் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மண்ணும் கரியுமாகக் கடைசியில் கிடந்த இரண்டு கை அரிசியை மட்டும் அம்மா குழாயடியில் இருந்த ஒரு கிழவியின் முந்தானையில் போட்டாள். கிழவி அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இட்டு, தண்ணீர் பிடித்து மண் போகக் களைந்தாள். மறுபடி தண்ணீர் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்களை அங்கேயே உட்காரவைத்திருந்தார்கள். மதியம் முழுக்க நான் அந்தச் சிரட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வப்போது ஓர் அரிசியை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பாள், திரும்ப உள்ளே போட்டுவிடுவாள். புழுங்கலரிசி எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல் மாதிரி ஒன்று நிற்கும். சாயங்காலம் எங்களைச் செங்கோட்டை வண்டியில் ஏற்றிவிட்டபோதும் அவள் மென்றுகொண்டுதான் இருந்தாள்.

“ஏம்மா பொங்கித் திங்காம பச்சையாத் திங்கா?” என்று கேட்டேன். முதல் போன எரிச்சலில் இருந்தாள் அம்மா. “அவளுக்கு எங்கட்டி அடுப்பு? நான் ஒரு மூதேவி, அரிசியப் போட்டேன் பாரு” என்றாள். அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை.

நாம் பசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டன் கணக்கில் பேசுகிறோம். 2001-இல் ராஜஸ்தானில் பட்டினிச் சாவுகள். அதே ஆண்டின் நடுவில் அரசுக் கிடங்குகளில் ஆறு கோடி டன் அளவுக்குத் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த உத்தரவில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு சொல், ‘சமைத்த’. அதுவரை பல மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் மூன்று கிலோ தானியத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு மதிய உணவுத் திட்டம் என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். சமைத்துப் போடு என்றது நீதிமன்றம். நம் ஊரில் காமராஜர் 1956-லேயே பள்ளிக்கூடத்தில் உலை வைத்துவிட்டார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைப் பெரிதாக்கினார், 2022-இல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது செய்த முதல் காரியமே அடுப்பு மூட்டியதுதான். அது இன்னும் அணையவில்லை. அரிசிக் கிடங்கு கட்டி, வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி அளந்து கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஏன் பொங்கிப் போட்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்க அரசு தரும் உணவு உதவி அட்டையில் பொதுவாகச் சூடான, சமைத்த உணவை வாங்க முடியாது. மாவு வாங்கலாம், பச்சை இறைச்சி வாங்கலாம். அட்டை வைத்திருப்பவருக்கு எப்படியும் ஓர் அடுப்பு இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வீடற்றவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் சில உணவகங்களில் சாப்பாடு வாங்கலாம் என்று கலிஃபோர்னியாவில் விலக்கு இருக்கிறது. அந்த மனிதருக்கு அது தெரியுமா, பக்கத்தில் அப்படி ஒரு கடை இருக்கிறதா? உங்களால் விசாரித்துச் சொல்ல முடியும். பை கட்டுவதைவிட அது பெரிய உதவி.

நம்முடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டுக்குத் தமிழில் குடும்ப அட்டை என்று பெயர். குடும்பமும் இல்லை, கதவு எண்ணும் இல்லை என்றால் அந்த ஆள் எந்தக் கடை வாசலில் போய் நிற்பார்? பசி ஒரு பிரச்சினை, வீடின்மை இன்னொரு பிரச்சினை என்று தனித்தனி ஃபைலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரே ஃபைல்.

மக்கள்தொகைப் பேச்சை விடுங்கள். அதை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன். 2024-இல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை. 2022-இல் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வீணான உணவு 105 கோடி டன் என்பதும் ஐ.நா. கணக்குத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் வாய்கள் அதிகம் என்று சொன்னால் நான் என்ன செய்ய?

ஆனால் ‘நம் பக்கம் யாரும் பட்டினி கிடப்பதில்லை’ என்று எழுதினீர்களே, அதை விட முடியாது. நம் எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது கேரளத்து அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில், காட்டுக்குள் தனியாக வாழ்ந்த ஓர் ஆதிவாசி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று பிடித்துக் கட்டி அடித்தார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே அவர் இறந்துபோனார். 2023-இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. கட்டிய கையோடு அவர் நிற்கும் அந்தப் படத்தை நான் ஒரு முறைதான் பார்த்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் உலை வைக்க எனக்குக் கை வரவில்லை. அதே கேரளம்தான் அப்புறம் உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்று நான்கையும் சேர்த்துக் கேட்டு 64,006 குடும்பங்களைப் பட்டியல் எடுத்தது. அதில் பலருக்கு முதல் வேலையாக ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். விடுபட்டவர்கள் உண்டு என்று ஆதிவாசி அமைப்புகள் சண்டை போடுகின்றன, போடட்டும். ஆனால் நான்கையும் ஒன்றாகக் கேட்டார்கள் பாருங்கள், அது சரியான கேள்வி.

2024 ஜனவரியில் ஒரே இரவில் எண்ணியபோது அமெரிக்காவில் 7,71,480 பேருக்கு வீடில்லை. அவர்களில் சுமார் 1,87,000 பேர் உங்கள் மாநிலத்தில். அதே வருடம் ஜூனில், பொது இடத்தில் படுத்துத் தூங்குகிறவர்களை நகராட்சிகள் தண்டிக்கலாம் என்று உங்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்லாந்தில் 2008-இல் வேறு வழியில் போனார்கள். குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு என்று சொல்லவில்லை. முதலில் சாவியைக் கொடுத்தார்கள். வீடற்றவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். 2024-இல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். சாவியோடு கூட ஓர் அடுப்பும் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அடுப்பு கிடைத்தவன் நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பான். பன்னும் டீயுமாக இருக்கிறவனுக்கு அடுத்த வேளையைத் தாண்டி யோசனை போகாது.

உங்கள் அப்பாவின் பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தென்காசியிலேயே செய்யுங்கள். உலக அமைப்புகள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, மனமிருந்தால் அடுத்த வருடம் அனுப்புங்கள். ஆனால் திவசத்தன்று ஒரு வேளை இலை போட்டு முடித்துவிடாதீர்கள். ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு மெஸ் பிடித்து, இத்தனை பேருக்கு ராத்திரிச் சோறு என்று மாதக் கணக்கில் பணம் கட்டுங்கள். யாரிடமும் கார்டு கேட்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆள் பிடித்துத் தர நான் இருக்கிறேன். அந்தப் பெரியவரிடம் இந்த முறை நானே போய்ப் பேசுகிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் ஆள் வரிசைக்கு வந்தால், கையில் பையைத் திணிக்காமல், இதில் எதை உங்களால் சாப்பிட முடியும் என்று கேளுங்கள். சூடாக ஒரு கிண்ணம் சாம்பார் சாதம் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.