ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் காய், மீன், பால், மாவு எல்லாவற்றையும் கெடாமல் எப்படி அடுக்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான்கு பேர் இருக்கும் வீடு, 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கும் காய் புதன்கிழமைக்குள் அழுகிவிடுகிறது, பாலில் மீன் வாடை அடிக்கிறது, வீடியோக்களில் காட்டும் பளபள பிளாஸ்டிக் டப்பா செட் வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. 190 லிட்டருக்குள் அந்த டப்பாக்களை வைத்தால் பாதி இடத்தை அவையே அடைத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதுதான் அதில் ஒரே குறை. பெயிண்ட் கடையில் கிடைக்கும் காகித டேப்பைக் கிழித்து மூடியில் ஒட்டி, பொருளையும் தேதியையும் பேனாவால் எழுதிவிட்டால் அதுவும் தீர்ந்தது.

அந்த வீடியோக்களில் இன்னொரு சிக்கல், பெரும்பாலும் அவை விசிறி வைத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்குச் சொல்லப்படுபவை. ஒற்றைக் கதவில் பொதுவாக விசிறி இருக்காது. மேலே ஃப்ரீசர் பெட்டியில் உருவாகும் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் தானாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால் ஃப்ரீசருக்கு அடியில் இருக்கும் சில் ட்ரேதான் அதிகக் குளிர்ச்சியான இடம், கதவும் அடியிலுள்ள காய்கறிப் பெட்டியும் குளிர்ச்சி குறைந்தவை. கம்பித் தட்டின் மேல் நாளிதழோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம், முதலில் அதை எடுங்கள், காற்று இறங்கும் வழியை அடைக்கிறது. திருகும் குமிழில் இருக்கும் எண் டிகிரி இல்லை, எண் கூடினால் குளிர்ச்சி கூடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், காலையில் 5 டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். சித்திரை வெயிலில் காட்டாது, அப்போது குமிழை ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீன் வாடைக்கு வருவோம். பச்சை மீனையும் கறியையும் கடைசித் தட்டில் வைக்கச் சொல்வார்கள், அதன் நீர் சொட்டி மற்ற சாப்பாட்டில் விழக்கூடாது என்பதற்காக. காரணம் சரிதான், ஆனால் ஒற்றைக் கதவில் கடைசித் தட்டு மீனுக்குப் போதுமான அளவு குளிராது. சில் ட்ரேயில் வைத்தால் பக்கத்தில் பால் பாக்கெட் இருக்கிறது. அதனால் இந்த ஃபிரிட்ஜில் மீனுக்கு நடுவழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றே சமைப்பது, இல்லையென்றால் ஃப்ரீசர். மசாலா தடவி சில மணி நேரம் ஊற வைப்பதாக இருந்தால் மட்டும் இறுக்கமாக மூடிய டப்பாவில் சில் ட்ரேயில் வையுங்கள், பாலை அதுவரை நடுத்தட்டின் உட்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் அது. மத்தி, அயிலை, சூரை வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், இவை குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சந்தையிலிருந்தே ஐஸோடு கொண்டுவாருங்கள்.

ஃப்ரீசரில் போடும்போது ஒரு குழம்புக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, கவரிலிருந்து காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வையுங்கள். உருண்டையாகப் போட்ட ஒரு கிலோ மீனை யாராலும் பாதியாக உடைக்க முடியாது, மொத்தத்தையும் உருக வைத்து மிச்சத்தைத் திரும்ப உள்ளே தள்ளுவதுதான் நடக்கும். உருக வைப்பதையும் சிங்க் ஓரத்தில் செய்யாமல், முந்தின இரவே ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி சில் ட்ரேக்கு இறக்கிவிடுங்கள். உறைநிலை பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறது.

காய் புதன்கிழமைக்குள் அழுகுவதற்கு ஃபிரிட்ஜைவிட ஈரம்தான் பெரிய காரணமாக இருக்கும். சந்தையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்கிறார்கள், அதை அப்படியே பாலித்தீன் பையோடு உள்ளே வைத்தால் மூன்று நாள் தாங்குவதே பெரிது. வந்தவுடன் மின்விசிறிக்கு அடியில் துணி விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள், காய்ந்தபின் உள்ளே வையுங்கள், கழுவுவதைச் சமைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கொத்தமல்லியில் வேரை வெட்டி, அழுகின இலையைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவி அதே மாதிரி. பச்சை மிளகாயில் காம்பைக் கிள்ள வேண்டும். கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் இலையை உடனே வெட்டிவிடுங்கள், கிழங்கில் இருக்கும் நீரை இலை இழுத்துவிடும். பழுத்த தக்காளி, ஆப்பிள், மாம்பழம் எல்லாம் எத்திலீன் வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் கீரையும் கொத்தமல்லியும் மஞ்சளாகிவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூன்றும் ஃபிரிட்ஜுக்கே வேண்டாம், வெளியிலும் உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். குளிரில் உருளையின் மாவு சர்க்கரையாக மாறுவதால் வறுவல் சீக்கிரம் கருகும்.

இதைவிட முக்கியம் சமைக்கும் வரிசை. ஞாயிறு, திங்களில் கீரையை முடியுங்கள். அடுத்து வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரி, இவற்றுக்கு அதிகக் குளிர் ஆகாது, நாள் போகப் போகப் புள்ளி விழும். பிறகு பீன்ஸ், அவரை. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் எல்லாம் வியாழன், வெள்ளி வரை பேசாமல் இருக்கும். நிறைய வீடுகளில் திங்கட்கிழமை கேரட் பொரியல் செய்துவிட்டு வியாழக்கிழமை கீரையைத் தேடுகிறார்கள்.

மாவு: அரைத்ததும் இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்று புளிக்கட்டும், மற்றதைப் புளிக்க விடாமல் நேராக உள்ளே வைத்து, தேவைப்படும் முந்தின நாள் வெளியே எடுங்கள். அதற்குக் குளிர் விட்டுப் பொங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் நான்காம் நாளும் இட்லி புளிப்பாக இருக்காது. மொத்த மாவுப் பாத்திரத்தையும் தினமும் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைப்பதை நிறுத்தினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

மிச்சமான சாதம், குழம்பு, பொரியலை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். சாதத்தில் கட்டாயம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெளியே கிடக்கும் சாதத்தில் பெருகி அவை உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. குக்கரோடு ஆறக் காத்திருக்காமல் அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். இவற்றுக்கு நடுத்தட்டில் கண்ணுக்கு நேராக முன்வரிசை. புதிதாகச் செய்தது எப்போதும் பின்னால்.

மல்லிகைப்பூவை மறந்துவிட்டேன். ஈரத்துணியில் சுற்றி மூடிய டப்பாவில் கதவுத் தட்டில் வையுங்கள், திறந்து வைத்தால் தயிரெல்லாம் பூ மணக்கும், சிலருக்கு அது பிடிக்கவும் பிடிக்கும். வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் அதை சில் ட்ரே பக்கமே கொண்டுபோகாதீர்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, ஒருமுறை உறைந்தால் பயன்படுத்தக்கூடாது.

ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்ததும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், கத்தியால் கொத்தினால் குழாய் ஓட்டையாகிவிடும். மின்சாரம் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, அப்படியொரு நேரத்தில் மீனையும் கறியையும் முதல் நாளே சமைத்துத் தீர்ப்பதுதான் வழி. வெளியூர் போகிறவர்கள் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, மீனை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.