கேள்வி – பதில்: குஞ்சுகளுக்கு எந்தத் தீவனம்?

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் முதன்முறையாக ஆறு கோழிக்குஞ்சுகளை வளர்க்கிறேன். முட்டையிடும் கோழிகளுக்கான தீவனம் ஒரு மூட்டை இருக்கிறது. அதையே குஞ்சுகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: அருள்கூர்ந்து கொடுக்காதீர்கள். முட்டை ஓடு உருவாவதற்காக அத்தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கப்படுகிறது. முட்டையிடாத குஞ்சின் உடலுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால், நாளடைவில் அதன் சிறுநீரகங்கள் பழுதடையும். முதல் எட்டு வாரங்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனத்தையும், பின்னர் முட்டைப் பருவம் வரை வளர்பருவத் தீவனத்தையும் கொடுங்கள்.

உண்மையில், முதல் வாரத்தில் தீவனத்தைவிட வெப்பத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். தொடக்கத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானியைக் காட்டிலும் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: வெப்பம் தரும் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கத்தினால் குளிர்கிறது என்றும், விலகி ஓடி, சிறகுகளைத் தொங்கவிட்டு, அலகைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுந்துவிட்டது என்றும் பொருள். பரவலாகப் படுத்து உறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது.

தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். அதில் சில கூழாங்கற்களைப் போட்டு வைத்தால், தவறி விழும் குஞ்சு மூழ்காது. மாலையில் ஒரு குஞ்சைக் கையிலெடுத்து, கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையை (தின்ற தீவனம் முதலில் தங்கும் பை) விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் அது வயிறாரத் தின்றிருக்கிறது.

அந்த மூட்டையை இவை முட்டையிடும் காலம் வரை சேமித்து வைக்கவும் வேண்டாம். அதற்குள் அதில் பூஞ்சை பிடித்துவிடலாம்; பூஞ்சை பிடித்த தீவனம் கோழிகளின் ஈரலைக் கெடுத்துவிடும்.