மீன் வாங்கச் சீலைப் பை சரிவராது, உமல் வாங்குங்கள்

வணக்கம். சீலைப் பையில் மீன் வாங்கி, இரத்தம் ஊறி நாறியதால் அம்மா பையையே எறிந்துவிட்டார், இனி பிளாஸ்ரிக் சொப்பிங் பைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மீனுக்குச் சீலைப் பை சரிவராது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மம்மா சந்தைக்குப் போவது உமலோடுதான். பனையோலையில் பின்னியது, தண்ணீர் கீழே வடிந்துவிடும், வந்ததும் கிணற்றடியில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டால் அடுத்த நாள் மணமே இருக்காது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலோ சாவகச்சேரியிலோ பனையோலைச் சாமான் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாரியில் மட்டும் கவனம், ஈரத்தோடு விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்படியில் தொங்க விடுங்கள்.

ஸ்கூட்டியில் போவதென்றால் உமல் வழியெல்லாம் வடியும், அதற்கு மூடியுள்ள எவர்சில்வர் வாளிதான் நல்லது, நான் அதைத்தான் கொண்டுபோகிறேன். ஆனால் நாங்கள் காசை எடுப்பதற்குள் மீன்காரர் மீனைச் சொப்பிங் பைக்குள் போட்டுவிடுவார், அதனால் விலை பேசும்போதே "அண்ணை, பை வேண்டாம், நிறுத்துப்போட்டு இதுக்குள்ளை போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். நான் மூன்று கிழமை சொன்னேன், இப்போது அவரே வாளியைக் கேட்டு வாங்குகிறார்.

இடியப்பத் தட்டு பற்றியும் கேட்டீர்கள். பிளாஸ்ரிக் தட்டு இலங்கையில் 2023 ஒக்டோபரிலிருந்து தடை, பிரம்புத் தட்டுக்கு மாறிவிடுங்கள், அவிந்த இடியப்பம் நன்றாகக் கழன்று வரும்.

அப்புறம், வீட்டில் சேர்ந்துபோன சொப்பிங் பைகளை வளவுக்குள் எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிக்கும். கழுவிக் காயவைத்துக் கிழியும்வரை பாவியுங்கள்.