பந்தைத் தொடாமலே பெயரெடுத்த ஜோ தாமஸ்

"அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தையே தொடாமல் முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கும் லைன்மேனுக்கு எதற்கு அத்தனை சம்பளம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் எனக்கும் இதே ஐயம் இருந்தது. பந்தை மறந்துவிட்டு, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜோ தாமஸை மட்டும் கவனித்துப் பார்த்த பிறகே அது தீர்ந்தது.

அவர் ஆடிய இடம் லெஃப்ட் டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடப்பக்கம். வலக்கையால் பந்தெறியும் குவார்ட்டர்பேக் எறிவதற்குத் திரும்பி நிற்கையில் இடப்பக்கம் அவருக்கு முதுகுப்பக்கமாகிவிடும். அங்கிருந்து பாய்ந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. அவனைத் தடுப்பதுதான் தாமஸின் வேலை. எதிராளி முழுவேகத்தில் முன்னோக்கி வருவான். இவரோ இடுப்பைத் தாழ்த்திப் பின்னோக்கி நகர்ந்தபடியே அவன் நெஞ்சில் உள்ளங்கைகளை ஊன்றி நிறுத்த வேண்டும். பிடித்து இழுத்தால் அணி 10 கெஜம் பின்வாங்க வேண்டும், அதுதான் தண்டனை. மூன்று நொடி தாங்கினால் பெரும்பாலும் போதும். தாங்கியதை யாரும் கவனிப்பதில்லை, தவறினால் மட்டும் அரங்கமே பார்க்கும்.

அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2007 டிராஃப்டில் 3ஆவது ஆளாகத் தேர்வானபோது, அவர் விழா மேடைக்குப் போகாமல் தந்தையுடன் மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்து, 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக இடக்கையின் பின்தசை கிழியும்வரை, அணி தாக்கி ஆடிய ஒரு முறைகூட அவர் வெளியே உட்காரவில்லை. 10,363 முறை தொடர்ச்சியாக! முதல் 10 பருவங்களிலும், சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். ஆனால் அணி ஒருமுறைகூட பிளே-ஆஃப் எட்டவில்லை. 2007இல் 10 ஆட்டங்களை வென்றும் வாய்ப்பு நழுவியது, 2017இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. குவார்ட்டர்பேக்குகள் வந்து வந்து போனார்கள், காவல்காரர் மட்டும் மாறவில்லை. வேறு அணிக்குப் போயிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும் என்பவர்கள் உண்டு. என் கணக்கில் தோற்கும் அணியில் அப்படி நின்றதே பெரிது.

இந்த வேலையில் உடம்புதான் முதலீடு. ஆறரை அடி உயரமுள்ள அவர், ஏறத்தாழ 140 கிலோ எடையைக் காப்பாற்றப் பசியில்லாத நேரத்திலும் உண்ண வேண்டியிருந்தது. 2018இல் ஓய்வுபெற்றதும் அந்தக் கட்டாயம் போயிற்று, இருபது கிலோவுக்கும் மேல் இறங்கியது. 2023இல், ஆட்டத்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது மேடையேறியவர், 73ஆம் எண் சட்டை அணிந்திருந்த அந்தப் பழைய மலை அல்ல. ஒல்லியான, உயரமான மனிதர்.