ஃபில்டர் மாட்டியும் தின்னர் வாடை நிற்கவில்லையா?

லாக்கர் அடிக்கும் ஸ்ப்ரே பூத்தில் புது ஃபில்டர் மாட்டியும் பக்கத்து வீடுகளுக்கு லாக்கர் வாடை போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபில்டரில் கோளாறு இல்லைங்க. பேப்பரோ ஃபைபர் கிளாஸோ, அது பிடிப்பது லாக்கர் துகளை மட்டும்தான். ஆவியான தின்னர் அப்படியே வெளியேறிவிடும்.

முதலில் அடிக்கும் அளவைக் குறையுங்கள். எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு அடிக்கும் ஸ்ப்ரே கன்) வாங்கி, ஏர் கேப்பில், அதாவது கன் முனையில் காற்று வெளிவரும் மூடியில், அழுத்தம் 10 பிஎஸ்ஐ தாண்டாமல், பலகைக்கு 15–20 செ.மீ. தள்ளிப் பிடித்து அடித்தால் லாக்கர் வீணாவது நன்றாகக் குறையும். கன் கழுவும் தின்னரைக் காற்றில் பீய்ச்சவே வேண்டாம், மூடியுள்ள டப்பாவில் பிடியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பூத் காற்றை வெளியேற்றும் குழாய் கூரையைத் தாண்டி நேராக மேலே போகட்டும். உச்சியில் மழைத் தொப்பி இருந்தால் கழற்றுங்கள், அது வாடையைக் கீழே தள்ளும்.

அப்புறமும் வந்தால் ஃபில்டருக்குப் பின்னால் ஆக்டிவேட்டட் கார்பன் (தின்னர் ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் கரி) வையுங்கள். வைத்தபின் பூத் வாயில் காற்றின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்: 3க்கு 2 மீட்டர் வாய்க்கு அது மணிக்கு 10,800 கன மீட்டர் காற்று. கார்பன் நிறைந்ததும் வாடை திரும்பும், மாற்றியே ஆகவேண்டும்.

ஒன்று முக்கியம்: என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் படிந்த பழைய ஃபில்டர்களைக் குவித்து வைக்காதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கழற்றியதும் தண்ணீர் நிறைந்த இரும்பு டிரம்மில் முக்கி மூடிவிடுங்கள்.